துண்டுக்கு அடியில் காய்ந்தது

அக்காவின் பாடியை ஆறு வாரத்துக்கு மேலாக நான்தான் துவைத்தேன். பிராவை எங்கள் பக்கம் பாடி என்றுதான் சொல்வார்கள், அதையும் பெண்கள் குரலை இறக்கித்தான் சொல்வார்கள். நான் துவைத்தேன், அலசினேன், கொடியில் போட்டு அதன்மேல் ஒரு துண்டை விரித்து மூடினேன். மொத்தம் இரண்டு. ஒன்று அவள் உடம்பில் இருக்கும், மற்றொன்று துண்டுக்கு அடியில் காயும்.

அக்காவுக்கு இடது பக்க நெஞ்சு சின்ன வயதிலேயே வெந்துபோனது. வீட்டில் உட்கார்ந்து வெடிக்குத் திரி கட்டிக்கொண்டிருந்தபோது கட்டோடு பற்றிக்கொண்டது. ஆறிய தோல் இறுகிக்கொண்டதால் இருபத்தாறு வயதிலும் அந்தப் பக்கம் தட்டையாகவே இருந்தது. பழைய காட்டன் சேலையைக் கிழித்து, மடித்து, உள்ளே வைத்துக்கொள்வாள். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில் அந்த மடிப்பு நழுவிவிட்டது. நான் காலைப் பந்தியில் எல்லோரும் கேட்கும்படி, "யக்கா, ஒரு பக்கம் காத்து எறங்கிருச்சு, பம்பு எடுத்தாரட்டா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு தாலி கட்டி முடியும் வரை மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் உட்கார்ந்திருந்தாள் என்று அம்மா வெகுநாள் கழித்துச் சொன்னாள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். முதலில் நாம் சிரித்துவிட்டால் அடுத்தவன் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டான். அதை வைத்தே காலத்தை ஓட்டினேன்.

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் அக்காவுக்கு வெடிமருந்து அடைக்கிற ரூமில் வேலை. எனக்கு அங்கேயே பெட்டி தூக்கி லாரியில் ஏற்றுகிற வேலை. அவள் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்து, யாரிடமும் கேட்காமல், மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். இறுகின தோலை விடுவித்து, உள்ளே சிலிக்கான் பை ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். தேதி குறித்த பிறகுதான் ஆமத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. அச்சாபீஸில் பேப்பர் வெட்டுகிற மெஷினில் வேலை பார்க்கிற ஆள். அமைதியானவர். பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அம்மா சொன்னாள், "ஆத்தா, இத இப்பச் சொல்லாத. ஒண்ணு ரெண்டு பெத்ததுக்கு அப்புறம் மெதுவாச் சொல்லிக்கிடலாம்."

"கல்யாணத்துக்கு முன்னாடி நானே சொல்லுவேன்மா. என் வாயால சொல்லுவேன். வேற யாரு வாயாலயும் அவுக கேக்கக் கூடாது" என்றாள் அக்கா. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இரண்டு வீடும் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போவதாகப் பேச்சு. அங்கே ஆற்று மணலில் வைத்து அவரிடம் தனியாகச் சொல்வதென்று முடிவு செய்து, அங்கே வருவதாக அவருக்கும் சொல்லியிருந்தாள். அதுவரைக்கும் ஊருக்கும் கம்பெனிக்கும் ஒரே பேச்சு: வயிற்றில் கட்டி, ஆபரேஷன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். முன்பக்கம் கொக்கி, உள்ளே கம்பி கூடாது, அடிப்பட்டை அகலமாக இருக்க வேண்டும். ஆறு வாரம் ராத்திரி பகல் கழற்றக் கூடாது, குளிக்க மட்டும் கழற்றலாம். கை தோளுக்கு மேலே போகக் கூடாது. "இது பிடிச்சு வைக்கலைன்னா உள்ள இருக்கறது எடம் மாறிரும்" என்றார்.

"டாக்டர், பஞ்சர் ஆனா ஒட்டிக்கிடலாமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கட்டிலில் கிடந்த அக்கா, "சிரிக்க வைக்காதலே, தையல் இழுக்கு" என்று பல்லைக் கடித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடைக்கு அம்மாவும் நானும் போனோம். அம்மா படியிலேயே நின்றுகொண்டு, "நீ போய்க் கேளுய்யா, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று சீட்டை என் கையில் திணித்தாள். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருக்கு தம்பி?"

"எனக்குத்தாண்ணே. அளவு எடுத்துப் பாக்கீகளா?"

அவர் ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் போட்டார். தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. "காட்டன்ல இல்லையாண்ணே, அக்காவுக்கு வேர்க்கும்" என்று கேட்டேன்.

"காட்டன் இழுத்துப் பிடிக்காது தம்பி. இது நைலான். இதான் நிக்கும்."

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு போர்டு உண்டு. நைலான், பாலியஸ்டர் துணி உடுத்தியவர்கள் உள்ளே வரக் கூடாது. உடம்பில் உரசிப் பொறி வந்தால் மருந்து பற்றும். நாங்கள் எல்லோரும் காட்டன்தான் உடுத்துவோம். நான்கு வருஷமாகத் தினமும் காலையில் அந்த போர்டைக் கடந்து போனவன் நான். கடைக்காரர் நைலான் என்றபோது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஆறு வாரம் கழித்துத்தானே வேலைக்குப் போகப் போகிறாள் என்று இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மாதான் கொக்கி மாட்டிவிடுவாள். அக்காவால் கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விடுவதால், துவைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்து, "என்ன கொளுந்தனாரே, துணியெல்லாம் தொவைக்கீக?" என்பாள். "பழகிக்கிடுதேன் மதினி. நாளைக்கு உங்க தங்கச்சியக் கட்டுனா தொவைக்கணும்லா" என்பேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனதும் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டுச் சரி செய்வேன்.

உடம்பு தேறத் தேற அக்கா கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்தாள். முன்னாலெல்லாம் கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இப்போது சேலை முந்தானையை இழுத்துவிட்டு நேராக நின்று பார்த்தாள். "என்னடா பாக்க?" என்றாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை நான் சும்மா இருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஐந்தாவது வாரம் போர்மேன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தீபாவளி சீசன். லோடு போக வேண்டிய ஆர்டர் அப்படியே நிற்கிறது. "வெயிட்டு தூக்கச் சொல்லல தாயி. உக்காந்து அடைக்கிற வேலைதான். நீ வரலைன்னா அந்த எடத்துல வேற ஆளப் போட்டுருவாக, அப்புறம் என்னைக் கேக்காத." பதிமூன்று வருஷமாக அவள் உட்கார்ந்த இடம் அது. புதன்கிழமை வருகிறேன் என்றாள். அது ஆடிக் கடைசி வெள்ளிக்கு இரண்டு நாள் முந்தி.

உள்ளே போட்டிருப்பது யாருக்குத் தெரியப் போகிறது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படியே நினைத்தேன். ஆனால் முந்தின நாள் அதிகாரிகள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புதன்கிழமை காலையில் கேட்டில் ஆள் ஆளாகத் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். பெண்கள் வரிசையில் செக் செய்கிற அத்தை அக்காவின் முதுகில் கை வைத்ததும் நிறுத்தினாள்.

"என்னத்தா இது, வழவழன்னு? நைலானா?"

அக்கா தோளில் கிடந்த காட்டன் துண்டை இழுத்து முதுகை மூடினாள்.

"கழட்டி வச்சிட்டு வா. மருந்து ரூமுக்குப் போறவ இதப் போட்டுட்டுப் போகலாமா?"

"இன்னைக்கு மட்டும் விடுங்கத்தே" என்றாள் அக்கா மெதுவாக.

பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆண்கள் வரிசையில் பத்தடி தள்ளி நான் நின்றேன். அவள் முகம் கறுத்துப்போனது தெரிந்தது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டால் அத்தை விட்டுவிடுவாள் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதானே. உரக்கக் கத்தினேன்.

"யத்தே, அதுல கை வைக்காதீக! மதுரை டாக்டரு பாத்துப் பாத்துத் தைச்சது. நீங்க கழட்டுனா அம்புட்டும் எடம் மாறிரும்!"

சிரித்தார்கள். ஆண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பெண்கள் வரிசையில் ஆமத்தூர்க்காரி ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

"வயித்துல கட்டின்னுல்லா சொன்னீக? வயித்து ஆபரேசனுக்கு நெஞ்சுல எதுக்குலே தையலு?"

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. "சும்மா சொன்னேன்க்கா" என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அக்காவின் நெஞ்சைப் பார்த்தார்கள்.

அக்கா செக் ரூமுக்குள் போனாள். வெளியே வந்தபோது தோளில் கிடந்த காட்டன் துண்டு இல்லை. அதை உள்ளே இறுக்கிக் கட்டியிருந்தாள். பாடியைச் சுருட்டிச் சோற்றுப் பைக்குள் வைத்து, நேராக என்னிடம் வந்து பையைக் கொடுத்தாள். "வச்சிரு" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு முழுவதும் மருந்து அடைத்தாள்.

சாயந்திரம் கம்பெனி வேன் முதலில் ஆமத்தூரில்தான் நிற்கும். அங்கே ஆறேழு பெண்கள் இறங்கினார்கள். இறங்கினவர்கள் ரோட்டைக் கடக்காமல் அங்கேயே வட்டமாக நின்று பேசினார்கள். வேன் நகர்ந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் மடியில் அந்தப் பை இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். வந்தவள் தம்ளரைத் தொடவில்லை.

"ஒரு பக்கந்தானா, ரெண்டு பக்கமுமா?" என்று அக்காவைக் கேட்டாள்.

"ஒரு பக்கந்தான். சின்னப் புள்ளையில வெந்துபோச்சு. நாளைக்கு இருக்கன்குடியில உங்க மகன்கிட்ட நானே சொல்றதா இருந்தேன்."

"இப்பச் சொல்லு, கேப்போம்."

"அவுககிட்டச் சொல்லிக்கிடுதேன்."

"அவன் நாலு பேரு வாயால கேட்டுட்டு வந்து உக்காந்திருக்கான். அச்சாபீஸுலயே கேலி பண்ணுதாகளாம்."

நான் குறுக்கே போனேன். "யத்தே, நான் வெளையாட்டுக்குச் சொன்னது. நீங்க நம்பாதீக."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெளையாட்டுக்குச் சொன்னதுனாலதான் தம்பி நம்புனோம். யோசிச்சுச் சொல்லியிருந்தா நீயும் வயித்துல கட்டின்னுதான சொல்லியிருப்ப?"

பூ வைத்தபோது கொடுத்த சேலையை அக்காவே எடுத்து வந்து தாம்பாளத்தில் வைத்தாள். வந்தவள் வாங்கிக்கொண்டு போனாள். அம்மா வாசலில் நின்று அழுதாள். அக்கா காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அதன் பிறகும் வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போனோம். அம்மா வரவில்லை. அக்காதான் என்னைக் கூப்பிட்டாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரும் அவள் நெஞ்சில் இடித்துவிடாமல் என் இரண்டு கையையும் ஊன்றி வேலி மாதிரி நின்றேன். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஆற்று மணலில் முன்பு பேசி வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். "வருவாகளா?" என்று நான் கேட்டேன். "தெரியல. நான் வாரேன்னு சொல்லியிருந்தேன்ல" என்றாள். வெயில் ஏறியது. மொட்டை போட்ட பிள்ளைகளும் தீச்சட்டிகளும் போய்க்கொண்டே இருந்தன. ஆமத்தூர்க்காரர்கள்கூடச் சிலர் போனார்கள். மத்தியானம் தாண்டியதும் சேலையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். வழி முழுக்க என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்திருப்பேன்.

கடைசியாக மதுரையில் காட்டியபோது டாக்டர், "கொஞ்சம் கீழ எறங்கியிருக்கு. நடுவுல கழட்டினீங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள் அக்கா. ஏன் என்று அவர் கேட்கவில்லை. திரும்பவும் செய்ய வேண்டியதில்லை, பழகிவிடும், இன்னும் இரண்டு வாரம் போடட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போலத் துவைத்தேன், அலசினேன், கொடியில் போட்டேன். துண்டை உதறி விரிக்கப் போனேன். அக்கா நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிலுக்குப் போய் வந்த நாளிலிருந்து அவளாக என்னிடம் பேசியது அப்போதுதான்.

"மூடாதலே. அதான் ஊரக் கூட்டிச் சொல்லிட்டியே. துண்டு எதுக்கு இனி, தனியாக் காயட்டும்."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று உதட்டில் சிரிப்பை வைத்துக்கொண்டே காத்திருந்தாள். நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.