அவள் விலை கேட்ட சாமான்கள்

என் ஓரகத்திக்கு, அதாவது என் கொழுந்தனாரின் மனைவிக்கு, நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் ‘எவ்ளோ’. நான் எதை வாங்கினாலும் மாடியிலிருந்து இறங்கி வந்து, தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “எவ்ளோக்கா?” என்பாள். நன்றாயிருக்கிறது என்றும் சொல்ல மாட்டாள், நொட்டை சொல்லவும் மாட்டாள். விலையைக் கேட்டுக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறிவிடுவாள்.

ஒரே வீட்டில் கீழே நாங்கள், மேலே அவர்கள், இரண்டு குடும்பமும் வாடகைக்கு. அண்ணன் தம்பி இருவரும் ஒரே பஸ் பணிமனையில் மெக்கானிக். என் வீட்டுக்காரர் மூத்தவர், சம்பளமும் கொஞ்சம் கூட. நான் ஃப்ரிட்ஜ், டிவி, சோஃபா எல்லாம் விற்கும் பெரிய கடையில் பில் போடுகிறேன். அவள் துணி திருத்தும் சின்னக் கடையில் ஜிப் மாற்றுகிறாள், பேண்ட் நீளம் குறைக்கிறாள். எப்படிப் பார்த்தாலும் எங்கள் கைதான் ஓங்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் பொறாமை எனக்குத்தான். மறைப்பானேன்? மாதக் கடைசியில் கீழே நானும் அவரும் வாய்ச்சண்டையில் இருக்கும்போது மேலே அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணி மடிப்பாள். போன் அடித்தால் நான் எண்ணைப் பார்த்துப் பயந்து பயந்து எடுப்பேன். அவள் யாரென்றுகூடப் பார்க்காமல் எடுத்து “சொல்லுங்க” என்பாள். அந்த ஒரு ‘சொல்லுங்க’வுக்காகவே அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கும்.

போதாக்குறைக்கு மாமியார். பகலெல்லாம் என் பெரிய டிவியின் முன்னால்தான் இருப்பார். படுக்க மட்டும் மாடிக்குப் போய்விடுவார். “அங்கதாம்மா எனக்குத் தூக்கம் வருது” என்பார். இங்கே ஸ்பிரிங் மெத்தை, அங்கே வெறும் பாய். வயிறு எரியுமா எரியாதா?

போன வருஷம் சோஃபா வாங்கினேன். மூன்று பேர் உட்காரும் சாம்பல் நிற சோஃபா. வழக்கம்போல வந்தாள். நுனியில் உட்கார்ந்தாள், கைப்பிடியைத் தடவினாள்.

“எவ்ளோக்கா?”

சொன்னேன். கண் விரிந்தது.

“மொத்தமா குடுத்தீங்களா?”

“கார்டுலதான். வட்டியில்லாத தவணை. எங்க கடைலயே குடுக்குறோமே. நீயும் ஒரு கார்டு எடுத்துக்கோ, நான் சொல்லி வாங்கித் தரேன்.”

“பாக்கலாம்கா” என்று எழுந்தாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டது. அன்று முழுக்க எனக்குக் காலே தரையில் பாவவில்லை. அவள் வீட்டில் இன்னும் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான்.

கார்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவணைத் திட்டத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் என் வேலைதான். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். மாதாமாதம் வரும் பில்லில் ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை’ என்று கீழே ஒன்று இருக்கும் இல்லையா, அதைத் தவறாமல் கட்டினேன். கேட்டதைக் கட்டிவிட்டோம், அப்புறம் என்ன என்று நினைத்தேன். கட்டாமல் விட்ட மீதிக்கெல்லாம் வட்டி ஏறும் என்பது உறைக்கவே இல்லை. ஒரு கார்டு நிறைந்ததும் அடுத்தது. கடைசியில் அந்தக் குறைந்தபட்சத்துக்கே திணறினேன், பாக்கி கேட்டு போன் மேல் போன். ஊருக்கெல்லாம் விற்ற சரக்கை நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் வீட்டுச் சொந்தக்கார அம்மா வந்தார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடு போய் இருக்கப்போகிறாராம், வீட்டை விற்கப்போகிறாராம். “வெளியாளுக்குக் குடுக்க மனசில்லை. நீங்க ரெண்டு குடும்பத்துல யாராவது எடுத்துக்கிட்டா சந்தோஷம்” என்றார்.

எனக்கு அந்த வீடு வேண்டும். கூடத்தில் காலை வெயில் விழும் ஜன்னல் வேண்டும், பின்கட்டுக் கொய்யா மரம் வேண்டும். அதைவிட, மாடிப்படியில் நின்று ‘என் வீடு’ என்று ஒரு தடவை அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். பொய் எதற்கு, அதுதான் முதல் ஆசை.

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “கார்டு பாக்கியெல்லாம் முடிச்சிட்டு வாங்கம்மா. இப்ப குடுக்க முடியாது. முன்பணமும் கையில இல்லைங்கறீங்க” என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் நாலடி முன்னாலேயே நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு வாரம் கழித்து மாமியார் படியிறங்கி வந்து, டிவியைப் போடச் சொல்லாமல், நேராக விஷயத்தைப் போட்டு உடைத்தார். “சின்னவன் முன்பணம் கட்டிட்டானாம். மீதிக்கு பேங்க் சரின்னுடுச்சாம்.”

எப்படி மாடியேறினேன் என்று எனக்கே தெரியாது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பேண்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, ஜிப் மாத்துற காசுல வீடு வாங்க முடியுமா? எங்கேர்ந்துடி வந்துது? அத்தை நகையைக் கேட்டு வாங்கினியா?”

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னை எதிர்த்துப் பேசாதவள் அன்று பேசினாள்.

“உங்க கிட்டேர்ந்துதாங்கா வந்துது.”

“என்னது?”

“நீங்க ஒவ்வொண்ணா வாங்கும்போது எனக்கு எப்படி இருக்கும்னு ஒருநாளாவது நெனச்சிருக்கீங்களா? பெரிய டிவி வந்தன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல. பொறாமைங்கா. பச்சையா சொல்றேன், பொறாமை. எனக்கும் வேணும்னு இவர்கிட்ட அழுதேன். சரி, அதே வெலையைச் சேத்துட்டு கையில காசா குடுத்து வாங்கிக்கலாம்னார். அதான் ஓடி வந்து வெல கேப்பேன். அந்த வெல சேர்ற வரைக்கும் சம்பளம் வந்தவுடனே கொஞ்சம் எடுத்து சேமிப்பு ஃபண்டுல போட்ருவோம். எங்ககிட்டயும் கார்டு இருக்கு, கரன்ட் பில்லுக்குத்தான். பில் வந்தன்னைக்கே முழுசா கட்டிடுவேன். ஒரு டிவி காசு சேந்ததும், அதை எடுக்க மனசு வரல. அதுக்குள்ள நீங்க ஃப்ரிட்ஜ் வாங்கிட்டீங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் மெத்தை. வாஷிங் மிஷின். சோஃபா.” மூக்கை உறிஞ்சினாள். “சோஃபா ரொம்பக் கஷ்டமா இருந்துதுக்கா.”

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். இத்தனை நாள் இவளும் என்னைப் பார்த்து வெந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்! அந்தச் சந்தோஷம் படியிறங்கி வரும்வரைகூடத் தாங்கவில்லை. கூடத்தில் என் சோஃபா நடுவில் குழி விழுந்து கிடந்தது. அதே சோஃபாவின் விலை மேலே காசாகச் சேர்ந்து, அது கிடக்கும் இந்தக் கூடத்தையே வாங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்தான். நான் எரிச்சலுக்குச் சாமான் வாங்கினேன், அவள் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

பத்திரம் முடிந்த மறுநாள் மாடிப்படியில் பார்த்துக்கொண்டோம். நான்தான் கேட்டேன்.

“வாடகை இனிமே எவ்ளோ?”

“அதேதாங்கா. உங்ககிட்ட ஏத்துவேனா?” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெருந்தன்மை வேறு. உள்ளே போய் எல்லாக் கார்டையும் எடுத்து என் வீட்டுக்காரரின் ஸ்பேனர் பெட்டியில் போட்டுப் பூட்டச் சொன்னேன். எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புத்தியாவது ஒன்றாவது.

இப்போதும் மாதப் பிறப்பில் அவள் இறங்கி வருகிறாள். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறாள். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கிறாள். நேற்றும் வந்தாள்.

“புதுசா ஒண்ணும் வாங்கலையாக்கா?”

“இல்லையே” என்றேன்.

விலை கேட்க ஒன்றும் இல்லாமல் அவள் முகம் தொங்கிப்போயிற்று. படியேறும் செருப்புச் சத்தம் மெதுவாகக் கேட்டது. அந்தக் குழி விழுந்த சோஃபாவில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் ஓயும்வரை ரசித்துக் கேட்டேன்.