வளருத ராஜாவுக்கு ஒரு பெல்ட்

நாய்க்கு பெல்ட் விக்குத தொழில்ல வாங்குதவன் ஒருத்தன், போட்டுக்கிடுதவன் வேறொருத்தன். போட்டுக்கிடுதவனுக்குப் பேச வாய் கிடையாது. நாய் இழுத்த இழுப்புல ரோட்டுல குப்புற விழுந்து, யாரும் பாக்கலியேன்னு சுத்திப் பாத்துட்டு எந்திரிச்ச மக்களே, உங்ககிட்டதான் சொல்லுதேன்.

படகுக் கயிறு

அந்தோணி விசைப்படகுல கடலுக்குப் போறவன். ஒரு நாட்டு நாய்க்குட்டியை நைலான் கயித்துல கட்டி என் கடைக்குக் கூட்டியாந்தான். பேரு ராஜா. ஆறேழு மாசக் குட்டிதான், ஆனா மாடு மாதிரி இழுக்கான். இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, கெக் கெக்குன்னு இருமுதான். "ஏலே, இது நாயா, நங்கூரமா?"ன்னு சத்தம் போட்டு, கயித்தை அறுத்து விட்டேன்.

கழுத்துப் பட்டை தொண்டையை நெரிக்கும், நெஞ்சைச் சுத்திப் போடுத பாடி பெல்ட்தான் இவனுக்குச் சரி, வளையம் முன்னால நெஞ்சுல இருந்தா இழுக்கும்போது அவனே நம்ம பக்கம் திரும்பிருவான்னு சொன்னேன். அந்தோணி சிரிச்சான்: "இழுத்தா என் மூஞ்சியைப் பாக்கணுமா? பாவம் அண்ணாச்சி அவன்!"

ஒரு சைஸ் பெருசு

கூட வந்தது அவன் பொண்டாட்டி ரோஸி. நான் டேப் வச்சு அளந்து சின்ன சைஸை எடுத்தேன். அவ அடுத்த சைஸைப் பிடிச்சுக்கிட்டா. பள்ளிக்கூடம் திறக்கும்போது புள்ளைகளுக்குத் தொளதொளன்னு சட்டை தைக்கோம்லா, அந்தக் கணக்கு. "ஏம்மா, பெல்ட்டுக்குள்ள ரெண்டு விரல்தான் நுழையணும், பின்னால போனான்னா உருவிட்டு ஓடிருவான். வளந்தப்புறம் கொண்டா, மாத்தித் தாரேன்"னு தலைகீழா நின்னு தண்ணி குடிச்சேன். கேக்கணுமே! வாரைக் கடைசி வரை இறுக்கியும் தொங்குச்சு. ராஜாவைக் கால் தொங்கத் தொங்க இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே சொன்னா: "வளருத புள்ளைக்கு யாராவது அளவா வாங்குவாங்களா அண்ணாச்சி?"

ஹார்பர் ரோடு

அடுத்த தடவை அந்தோணி தனியா வந்தான். அவன் கடல்ல இருந்தப்ப ரோஸி ராஜாவை நடத்திக் கூட்டிப் போயிருக்கா. கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சதுல மிரண்டவன், பின்னால போய் பெல்ட்டை உருவிட்டு ஓடியிருக்கான். எதிர்ல வந்த லாரியில அடிபட்டு அங்கனயே போயிட்டான். அவ கையில வெறும் பெல்ட்டு.

படிச்சுப் படிச்சுச் சொன்னேனேன்னு எனக்குக் கோவம் வந்தது. அவன் மூஞ்சியைப் பாத்ததும் அது போயிருச்சு. ரோஸி சரியாச் சாப்பிடுததே இல்லையாம், "நான்தான் கொன்னேன்"னு ஒரே பேச்சாம். மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் மெதுவாச் சொன்னான்: "நாளைக்கு அவளை இங்கன கூட்டியாரேன், சின்ன சைஸா இருந்தாலும் கழண்டிருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணாச்சி."

காலமெல்லாம் அளவு அளவுன்னு கத்தியே வியாபாரம் பண்ணுத நான், அளவுல என்னம்மா இருக்குன்னு ரோஸி ஒருத்திக்கிட்ட மட்டும் சத்தியம் பண்ணியிருக்கேன், மக்களே.