அரை மெசின் நிலாம்

நிலாம் வயரின் ஒரு முனையை உள்ளங்கையில் பிடித்து, முழங்கையைச் சுற்றி எடுத்து, மறுபடி உள்ளங்கைக்குக் கொண்டுவந்துகொண்டிருப்பார். அப்போது வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "தம்பி, வாற ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டில…" என்று தொடங்குவார். "செஞ்சி குடுப்பம்" என்பார் நிலாம். கல்யாண வீடா, கட்சிக் கூட்டமா, கொட்டாஞ்சேனையா, முகத்துவாரமா, அன்றைக்குக் கையில் மெசின் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு வருகிற கேள்விகள். வயர் பாதிதான் சுற்றியிருக்கும். முடிவு எடுத்தாகிவிட்டிருக்கும்.

மெசின் என்று நாங்கள் சொல்வது ஒலிபெருக்கியை. கொட்டாஞ்சேனையில் ஷரீப் ஹாஜியாரின் ரேடியோக் கடையில் மெசின்களை வாடகைக்கு விடுவது நிலாமின் வேலை. கணக்கு எழுதுவது என் வேலை. இந்தத் தேர்தல் முடிந்த கையோடு வெள்ளவத்தையில் இன்னொரு கடை திறப்பதென்று ஹாஜியார் சொல்லியிருந்தார். அது எங்கள் இருவரில் ஒருவருக்கு என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். நான் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருப்பவன். நடந்தே வேலைக்குப் போகலாம், மேசைக்குப் பின்னால் என் பெயரில் ஒரு நாற்காலி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நிலாம் நினைத்தது வேறு. அந்தக் கடையின் பின்னால் ஓர் அறை இருந்தது, அதற்குக் கடல் பக்கமாக ஒரு சன்னல் இருந்தது. தெருக்குழாய்க்கு வரிசையில் நிற்கும் அவருடைய மனைவி மர்லியாவுக்கு அந்தச் சன்னலை அவர் மனதில் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார்.

ஆள் மெலிவு. சாரத்துக்கு மேல் பட்டாளத்துக்காரரின் அகலப் பெல்ட் கட்டியிருப்பார். சட்டைப் பையில் எந்நேரமும் கிராமபோன் ஊசிகள். பெருநாளன்று அவரைக் கட்டித் தழுவுகிறவர்கள் 'ஆ' என்று பின்வாங்குவதைக் கண்டிருக்கிறேன். ஒலிபெருக்கித் தொழில் செய்கிறவருக்கு உரத்துப் பேச வராது. அவர் சொல்வதைக் கேட்க நாம்தான் குனிய வேண்டும். மைக்கைச் சோதிக்கும்போது எல்லோரும் சொல்லும் 'ஹலோ' அவர் வாயில் வராது. "மர்லியா, தேத்தண்ணி" என்பார். கோயில் வீதியானாலும் அரசியல் மேடையானாலும் முதலில் ஒலிப்பது அந்த வேண்டுகோள்தான். அதற்காக மர்லியா அவரோடு போட்ட சண்டையைக் கடைவாசலில் நின்றே கேட்டேன்.

"தெருத் தெருவா என்ட பேரக் கூப்புடுறீங்க. வூட்டுல மட்டும் 'இஞ்சாரு' தானா?"

"வூட்டுல மைக் இல்லியே" என்றார் நிலாம்.

தேர்தல் காலத்தில் இவருடைய பரபரப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வேட்பாளரின் ஆள் வந்து, "மல்லி, லவுஸ்பீக்கர்…" என்று வாயெடுத்ததும், "தியெனவா அய்யே, தியெனவா" என்று சிங்களத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் தெரு திரும்புவதற்குள் எதிர்க்கட்சிக்காரர் வந்தார். அவருக்கும் "தியெனவா"தான். ஒரே மாலை, ஒரே சந்தி. இரண்டு தரப்பும் கடைக்கு வந்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்டு மேசையில் தட்டினார்கள். "சத்தம் ஒங்களுக்குத் தெளிவா வேணுமா, கூட வேணுமா?" என்று இருவரிடமும் அவர் ஒரே மெல்லிய குரலில் கேட்டார். ஒருவர் தெளிவாக வேண்டும் என்றார். மற்றவர் கூட வேண்டும் என்றார். இருவரும் கேட்டது கிடைத்த திருப்தியோடு போனார்கள்.

நான் இதற்கு நேர் எதிரான பிறவி. என் வாயில் அடிக்கடி வரும் சொல் "பாப்பம்". தவணைக்கு ரேடியோ கேட்டு வருகிறவருக்கும், வீட்டிலிருந்து கல்யாணப் பேச்சு எழுதுகிறவர்களுக்கும் அதே "பாப்பம்"தான். ஒரு செயலுக்கு முன்னால் அதன் எல்லா விளைவுகளையும் எடைபோட வேண்டும் என்று நான் வாசிக்கும் நூல்கள் சொல்கின்றன. எடைபோட்டு முடிவதற்குள் செயலுக்கான நேரம் போய்விட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை.

ஒருநாள் கேட்டேன். "நிலாம், நீர் யோசிக்கிறதே இல்லையோ?"

"யோசிக்கிறன் அண்ணன். முடிவெடுத்த பொறகு நல்லா யோசிக்கிறன்."

"பிறகு யோசிச்சு என்ன பிரயோசனம்?"

"முந்தியே யோசிக்கிறண்டா எதப் பத்தி யோசிக்கிற? அப்ப ஒண்டுமே நடக்கல்லியே."

இந்தப் பதிலை மறுக்கப் பல நாள் முயன்றிருக்கிறேன். மறுப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனாலும் அதை அவர் எந்த முயற்சியும் இல்லாமல், பல்லிடுக்கில் ஒரு திருகாணியைக் கடித்தபடி சொன்னார் என்பது இன்னும் உறுத்துகிறது.

அவரை மேதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பட்டாளம் மூட்டை கட்டிப் போனபோது விட்டுச்சென்ற சாமான்களை ஏலம் விட்டார்கள். ரேடியோ வால்வுகள் என்று நம்பி, ஆணியடித்த பெரிய பெட்டி ஒன்றைத் திறந்துகூடப் பார்க்காமல் எடுத்து வந்தார். திறந்தால் டெலிபோனின் கைப்பிடிகள். டெலிபோன் இல்லை, கைப்பிடி மட்டும். அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க நான் கொல்லைப்புறம் போக வேண்டியிருந்தது. நிலாம் ஒரு கைப்பிடியை எடுத்துக் காதில் வைத்து, "ஓ, செல்லுங்க… பிழயாப் பெய்த்தா? சரி சரி" என்று யாரோடோ பேசிவிட்டுக் கீழே வைத்தார். அந்தப் பெட்டி விலைபோகவே இல்லை. அதன் மேல் உட்கார்ந்துதான் தினமும் மதியச் சோறு சாப்பிட்டார்.

அவருடைய வெற்றிகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். அதிர்ஷ்டம் என்று ஒரு சொல் இருக்கிறது. நான் பொறாமைப்படுவது அவருடைய தவறுகளைப் பார்த்து. எனக்கு ஒரு கூட்டல் பிசகினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இவர் தன் தவறின் மேல் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார், சம்பலுக்கு இன்னும் கொஞ்சம் புளி வேண்டும் என்கிறார்.

அவருக்குப் பட்டப்பெயர் வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு. பேர்னாட் என்பவரின் மகளுக்குக் கல்யாணம். நிலாம் ஒரு மெசினோடு அங்கே போயிருந்தார். கடையில் இருந்த மற்ற மெசினில் காலையிலிருந்தே புகை. அது தேறுமா இல்லையா என்று தனக்குச் சொல்லி அனுப்பும்படி கேட்டிருந்தார். ஏனென்றால் கல்யாண வீட்டுக்கு எதிர்வீட்டில் ராசிக் தன் மகனின் சுன்னத்து விருந்துக்கு அன்று மாலையே மெசின் கேட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் வந்து பார்த்துக் கையை விரித்தார். கடையில் மூட்டை தூக்கும் ராமையாவைக் கூப்பிட்டு, "மெசின் பிழைச்சுப் போச்சு எண்டு நிலாமிட்டச் சொல்லும்" என்று அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் பிழைச்சுப் போச்சு என்றால் கெட்டுப்போயிற்று. ராமையா அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே அது சாகாமல் தப்பியதைக் குறிக்கும். அவர் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிப்போய், "மெசினு பொழச்சிருச்சுங்க தம்பி! ஐயாவே சொன்னாருங்க!" என்றிருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நிலாமுக்கு வேறென்ன தோன்றும்? ராசிக்கைப் பார்த்து "செஞ்சி குடுப்பம்" என்றுவிட்டார். விருந்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில்தான் உண்மை தெரிந்தது.

நானாக இருந்தால் இரண்டு வீட்டிலும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பியிருப்பேன். அவர் கல்யாண வீட்டு மெசினிலிருந்து ஒரு வயரை இழுத்து, தெருவுக்கு மேலால் வீசி, ராசிக்கின் கூரையில் இன்னொரு குழாய் ஹோனைக் கட்டிவிட்டார். பாட்டு இரண்டு வீட்டிலும் நன்றாகத்தான் போனது. பிறகு கல்யாண வீட்டில் ஒருவர் வாழ்த்துரைக்க எழுந்தார். புதுத் தம்பதிகளுக்கு ஆண்டவர் நிறையப் பிள்ளைகளைக் கொடுப்பாராக என்று அவர் மனமுருகச் சொன்னார். எதிர்வீட்டு ஹோனில் அது கணீரென்று கேட்டது. சுன்னத்து விருந்தில் இருந்த பெரியவர்கள் பழக்கத்தில் ஒரே குரலாக "ஆமீன்" என்றார்கள்.

பேர்னாட் கோட்டோடு தெருவுக்கு வந்தார். "என்னப்பா இது! என்ர மகளின்ர கலியாணத்துக்கு ரோட்டுக்கு அங்கால இருந்து ஆமீன் சொல்லுறாங்கள்!"

"நல்லதுக்குத் தானே சேர் செல்லுறாங்க" என்றார் நிலாம். "ஆமீன் கூடினா பிள்ளைகளுக்குக் கூடாதா?" பேர்னாட் சிரிப்பை அடக்கப் படும் பாட்டைப் பார்த்து, குரலை இன்னும் தாழ்த்தினார். "பிழ என்ட பக்கந்தான். ரெண்டு வூட்டாரும் பாதிப் பாதி குடுங்க, போதும்."

அந்தப் பாதியில் ஏதோ இருப்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. முழு மெசினுக்கு வசதியில்லாத சந்துகளுக்குப் போய், ஒரே நாளில் விசேஷம் வைக்கும் இரண்டு வீடுகளைச் சேர்த்துவைத்தார். வசதிக்காக விசேஷத்தின் தேதியையே மாற்றிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. இப்போது கொட்டாஞ்சேனையில் 'அரை மெசின் நிலாம்' என்றால் குழந்தைக்கும் தெரியும். 'பிழைச்சுப் போச்சு' என்ற சொல் என்னுடையது, அதற்கு இரண்டு பொருள் இருப்பதை நான் ரசித்து, ஒரு கட்டுரை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் அதை வாடகைக்கு விட்டுவிட்டார்.

தேர்தல் முடிந்தது. ஹாஜியார் ஒரு பிற்பகல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி என் மேசைக்கு வந்தார்.

"பூபாலசிங்கம், நீங்க மனிசரப் படிக்கிற ஆள். நம்மட நிலாம் எப்பிடி? ஒரு கடையக் குடுத்தா நடத்துவானா?"

ஓட்டப் பந்தயத்தில் ஒருவனிடம் மற்றவனின் காலைப் பற்றிக் கேட்பது போன்ற கேள்வி. கண்டதைச் சொன்னேன். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறார். பல முடிவுகள் தவறிப்போகின்றன. தவறிய இடத்துக்கே வாடிக்கையாளர்கள் திரும்பி வருகிறார்கள். "என்னைவிட நல்லாச் செய்வார்" என்பதையும் சொன்னேன். அந்த வாக்கியம் பல் பிடுங்குவதுபோல் வெளியே வந்தது.

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க பிழ வுட்டத நான் ஒருநாளும் காணல்ல" என்றார்.

அன்று அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். எதையும் முடிவு செய்யாதவனிடம் பிழை எங்கிருந்து வரும் என்பது அடுத்த நாள் முகம் கழுவும்போதுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த ஹாஜியார், ஒரு சாவியை என் மேசையில் வைத்தார். "வெள்ளவத்தைக் கட ஒங்களுக்கு. நிலாம், நீ இங்க மெசினப் பாத்துக்க. கோவிக்காத."

நிலாம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். சாவியைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் இல்லை என்று எழுதினால் அது பொய். உதடு ஒருமுறை கோணியது.

"ஹாஜியார், அந்தப் புகஞ்ச மெசின் சும்மா கெடக்குதே. அத எனக்குத் தாறீங்களா?"

"என்னத்துக்கு?"

"வெளியில போய்ச் சொந்தமாச் செஞ்சி பாக்கிறன்."

"எப்ப?"

"இப்ப."

ஹாஜியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மர்லியாட்டக் கேட்டியா?"

"உம்மாட வூட்டுல இரிக்கிறா, கொம்பனித்தெருவுல. போய்ச் செல்லுறன்."

"அப்ப இனிமே ஒங்கள மொதலாளின்னு கூப்புடணுமா தம்பி?" என்று கேட்டார் ராமையா.

"கூப்புடுங்க. சம்பளம் மட்டும் கேக்காதீங்க."

ராமையா சிரித்தார், ஹாஜியாரும் வேறு வழியில்லாமல் சிரித்து, மெசினை எடுத்துக்கொள்ளும்படி கையைக் காட்டினார். நிலாம் என்னிடம் வந்தார். என் கையை இரு கைகளாலும் பிடித்துவிட்டு, தன் கையை நெஞ்சில் வைத்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்டிருக்காது. எனக்காக மட்டும் சொன்னார்.

"எனக்கு வேணுமெண்டுதான் இரிந்திச்சி அண்ணன். மர்லியாக்குச் சன்னல் பாத்து வச்சிருந்தன். சரி, போகட்டும். வேற சன்னல் இரிக்கும்." போகத் திரும்பியவர் நின்றார். "அங்க கடல்காத்து கூட. ஹோனக் கடல் பக்கம் திருப்பாதீங்க. சத்தம் ஒங்களுக்கே திரும்பி வரும்."

நான் "பாப்பம்" என்றேன்.

வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. மெசினை மூலையிலேயே விட்டுவிட்டு, பஸ் எங்கே போகிறது என்ற பலகையைக்கூடப் பார்க்காமல் அவர் மிதிபலகையில் தாவி ஏறினார். பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அது முகத்துவாரம் போகிற பஸ், கொம்பனித்தெருவுக்கு நேர் எதிர்த் திசை. சாவி என் கையில் இருந்தது; அதன் பற்கள் உள்ளங்கையில் அழுந்தியிருந்தன. சற்று நேரத்தில் அவர் வீதியோரமாகத் திரும்பி நடந்து வந்தார். வழியில் ஓர் இளநீர்க்காரரிடம் எதையோ சொல்ல, அந்த மனிதரும் தலையை ஆட்டிச் சிரித்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்து, போன திசையை ஒரு விரலாலும் போக வேண்டிய திசையை இன்னொரு விரலாலும் காட்டி, தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத் தரிப்பிடத்துக்கு வீதியைக் கடந்தார்.