ஒரே ஒரு குரோக்கஸ்

தொண்ணூற்றாறாம் வருடத்துக் குளிர்காலம் முழுக்க, அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் சாந்தாமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணவர் ஜம்புநாதனின் இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், பங்குனி உத்திரத்தன்று தன் கையால் வளர்த்த பூவை முருகனுக்கு வைப்பதாக வேண்டியிருந்தாள். அவர் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். பூவுக்குத்தான் வழியில்லை. தொட்டியில் வைத்த மல்லிகை ஐப்பசிக் குளிரிலேயே கருகிப்போனது.

"குரோக்கஸ் போடுங்க ஆன்ட்டி. இப்ப நட்டு விட்டுட்டா, ஸ்னோ மெல்ட் ஆனதும் அதுவா பூ வந்துரும்" என்றாள் பக்கத்து வீட்டு மீனாக்ஷி.

சின்ன வெங்காயம் போல முப்பது கிழங்குகள். பின்வாசல் ஓரமாக நட்டாள். அங்கேதான் தினமும் காக்காய்க்குச் சோறு வைப்பாள். வைக்காமல் அவள் சாப்பிட்டதில்லை. காக்காய் வந்ததோ இல்லையோ, கோடு போட்ட அணில்கள் வந்தன. சோற்றைத் தின்ற கையோடு மண்ணையும் கிளறின. ஒரு மத்தியானம் ஒன்று அவள் கிழங்கை இரண்டு கையிலும் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது.

"வெரட்டேன்" என்றார் ஜம்புநாதன்.

"முதுகுல ராமர் போட்ட கோடு இருக்குதுங்க. எப்படி வெரட்டறது?"

"சரி, நீயே விருந்து வெச்சுக் கூப்புட்டுட்டே."

அவளுக்குச் சுருக்கென்றது. சோற்றை முன்பக்கம் மாற்றினாள். பாத்தியின் மேல் கம்பிவலை போட்டார்கள். எத்தனை மிஞ்சின என்று பார்ப்பதற்குள் மண் கல்லாக உறைந்துவிட்டது. அப்புறம் தினமும் காலையில் விளக்கேற்றியதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்ப் பனியை ஒதுக்கிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. மறுபடி மத்தியானம் போவாள்.

உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கையில் ஊசி ஊசியாய் இலை தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு ஊதா மொட்டு. உத்திரத்துக்கு முந்தின நாள் வெயிலுக்கு விரிந்தது, சாயங்காலம் மூடிக்கொண்டது. உத்திரத்தன்று வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மொட்டு வாய் திறக்கவில்லை. விரியாத மொட்டை முருகனுக்கு எப்படி வைப்பது? பதினொரு மணி வரை பின்வாசலுக்கும் பூஜை அலமாரிக்குமாக நடந்தாள்.

"வெயிலுக்கு விரியறதுன்னா சூட்டுக்கும் விரியாதா? உள்ள கொண்டா" என்றார் அவர்.

பயந்து பயந்து பறித்து, டம்ளர் தண்ணீரில் போட்டு விளக்கருகே வைத்தாள். தீப்பெட்டியும் கையுமாக உட்கார்ந்தாள். இதழ் லேசாக நெகிழ்ந்தது.

"போதும், கற்பூரத்தைக் காட்டு. பசிக்குது."

"ஆபரேஷன் ஆனவரு பேசற பேச்சா இது? பேசாம இருங்க."

பூவுக்குள்ளே மஞ்சள் தெரிந்த பிறகுதான் அதை முருகனுக்கு வைத்துத் தீக்குச்சியை உரசினாள்.