பேச்சியம்மாள் சொன்னதில் நான் விட்ட வரிகள்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, நீதிமன்ற வராந்தாவில் தபால்காரர் என்னிடம் ஓர் அட்டையை நீட்டினார். சக்குபள்ளத்தில் தேநீர்க்கடை வைத்திருக்கும் தங்கவேலு எழுதியிருந்தார். "பேச்சியம்மாக்கா ஞாயித்துக்கெழம தவறிட்டாக. மார்ச்சளி. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு." அவ்வளவுதான். அன்று இரண்டு வழக்குகளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. செய்தேன். என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது.

அவரை அறிந்தவர்கள் வண்டன்மேட்டிலிருந்து சக்குபள்ளம் வரை ஏலத்தோட்டங்களில் நிறையப் பேர் உண்டு. ஆயுள் தண்டனை பெற்ற மகன் முத்துக்காளை குற்றமற்றவன் என்று சொல்லிக்கொண்டு ஏழு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் அவர். அந்த அலைச்சலில் எனக்கு என்ன பங்கு என்பது இதைப் படிக்கும் உங்களில் யாருக்கும் தெரியாது.

மலையாளத்தில் நடக்கும் நீதிமன்றத்தில் தமிழ்ச் சாட்சிகளின் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி நான். சொந்த ஊர் பெருமாட்டி. நெல்லும் தென்னையும் தெரியும்; ஏலக்காயைப் பாயசத்தில்தான் பார்த்திருந்தேன்.

பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒரு மாலையில் வழியில் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். முந்தின வாரம் அவரோடு வாய்ச்சண்டை போட்டவன் முத்துக்காளை. வெட்டிவிட்டு ஓடியவன் அவன் போலத்தான் இருந்தது என்று ஒருவர் சாட்சி சொன்னார். பிறகு பேச்சியம்மாள் கூண்டில் ஏறி நீளமாகப் பேசினார். பறித்த காயை உலர்த்தும் ஸ்டோரில் அன்று அடுப்பு பார்த்தவன் தன் மகன் ஒருவன்தான்; கூட்டாளிக்குக் காய்ச்சல். சூடு தணிந்தால் காய் வெளுத்துவிடும், ஏறினால் வெடித்துவிடும். அரைமணிக்கு ஒரு தரம் விறகு தள்ள வேண்டும். கங்காணி கிடந்த இடத்துக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். மறுநாள் இறக்கிய காய் பச்சை மாறாமல் இருந்தது, முதலாளியே அள்ளிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்றார். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். நான் நீதிபதியைப் பார்த்தேன். "மகன் அன்று வேலையில் இருந்ததாக இவர் சொல்கிறார்" என்று மலையாளத்தில் ஒரே வரியில் முடித்தேன். அரசு அமர்த்திய இளம் வக்கீலுக்கும் தமிழ் தெரியாது. பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மேல்முறையீடும் தள்ளுபடியானது. அந்த வக்கீலின் குமாஸ்தாதான் சாட்சியப் பதிவைத் தமிழில் படித்துச் சொல்லியிருக்கிறார். மறு வாரம் ஒரு மத்தியானம் பேச்சியம்மாள் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சார், நான் அன்னைக்கு அம்புட்டுச் சொன்னேனே. காயப் பத்தி ஒரு சொல்லுகூட அதுல இல்லையாமே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நாந்தானுங்கம்மா விட்டுட்டனுங்க. முக்கியமில்லைன்னு நெனச்சுட்டனுங்க."

மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தேன். மேசையிலிருந்த காகிதத்தை என் பக்கம் நகர்த்தியவர், "சரி. இப்ப எழுதுங்க. நான் மறுக்காச் சொல்றேன்" என்றார்.

அதன்பின் மாதம் ஒருமுறை ஜீப்பும் பஸ்ஸுமாக மலையிறங்கி வருவார். நான் மலையாளத்தில் எழுதிய மனுவை வரிவரியாகத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலாக மடக்கிக் கேட்பார். ஒரு விரல் மிஞ்சினால், "இன்னும் ஒண்ணு இருக்கே சார்" என்பார். என் பேச்சையும் கேலி செய்வார். "உங்க ஊருல காக்காய வெரட்டுறதுக்கும் 'போங்க'ன்னுதான் சொல்லுவீகளோ?" அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான்.

எமர்ஜென்சி வந்த வருடம் ஒரு வக்கீல் கருணை மனு போடச் சொன்னார். மகன் சீக்கிரம் வெளியே வரலாம். நானும் வற்புறுத்தி எழுதினேன். 'செய்த குற்றத்துக்கு வருந்துகிறேன்' என்ற வரி வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அத அடிச்சிருங்க சார். அவென் செய்யல. செயில்ல கேட்டுட்டுத்தான் வந்தேன், அவனும் இதத்தான் சொல்றான்."

"அது இல்லாம கருணை மனு இல்லீங்கம்மா. உங்களுக்கும் வயசாகுதுங்களே."

"ஆகட்டும்" என்றார். பிடிவாதக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் எனக்கும் ஒரு வரி இருந்தது. சாட்சியத்தைச் சுருக்கியவன் நான்தான் என்று ஒரு மனுவில்கூட எழுதவில்லை. எழுதினால் வேலை போகும். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். 'சாட்சியம் முழுமையாகப் பதிவாகவில்லை' என்று ஆளைச் சுட்டாமல் எழுதி வைத்தேன். விரல் மடக்கிக் கேட்கிறவர் அந்த இடத்தில் மட்டும் எதுவும் கேட்டதில்லை. எனக்காகத்தான் கேட்கவில்லை என்று தெரிந்தும் நானும் பேசாமல் இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சக்குபள்ளம் போனேன். முத்துக்காளையை இரண்டு போலீஸ்காரர்கள் அழைத்து வந்திருந்தார்கள். தலை மழித்து ஈர வேட்டியோடு நின்றான். அவ்வளவு பாடுபட்டவர் அவனை அந்த மண்ணில் பார்க்காமலே போய்விட்டார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. நான் யாரென்று தங்கவேலு சொன்னவுடன் அவன் என் காலில் விழ வந்தான்.

"நீங்கதானா சார்? அம்மா எப்ப வந்தாலும் உங்களப் பத்தித்தான் பேசும். 'நான் சொல்றத ஒரு சொல்லு விடாம எழுதுற மனுசென்'னு சொல்லும்."

அங்கே உண்மையைச் சொல்லாமலே அடுத்த ஜீப்பில் மலையிறங்கினேன். வீட்டுக்கு வந்து எழுதினேன். பேச்சியம்மாள் கூண்டில் நின்று சொன்னது இன்னது, அதை நீதிமன்றத்துக்குச் சொல்லாமல் விட்டவன் நான் என்று சத்தியப் பிரமாணமாக எழுதி, என் பெயரில் கையெழுத்திட்டு, இன்று காலை மேல்கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதனால் சிறைக்கதவு திறக்குமா என்று தெரியாது. முத்துக்காளைக்குத் தமிழில் ஒரு பிரதி போயிருக்கிறது. அவர் தன் மகனிடம் எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன, 'ஒரு சொல் விடாதவன்' என்ற நல்ல பெயரைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு வருடமும் அதற்கு நான் தகுதியானவனாக இருந்ததில்லை என்பதை அவருடைய மகன் என் கையெழுத்திலேயே படிக்கட்டும்.