மூடியைத் திறந்தாலும் நிற்காத மெஷின்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாஷிங் மெஷின் மெக்கானிக். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நுழைந்த கையோடு சொந்தக்காரர் ஆகிவிடுவார். தண்ணீர் வெளியேற்றும் பம்புக்குள் சிக்கிய ஹேர்பின்னைப் பிடுங்கி, "யாரோடது இது? மரியாதையா ஒத்துக்குங்க!" என்று வீட்டையே மிரட்டுவார். வீடே சிரிக்கும். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அவசரம் மட்டும் உண்டு. ஈரத்துணியோடு யாரையும் காக்க வைக்கக் கூடாது என்பார்.

அந்த அவசரத்தில்தான் வினையே.

மேல்பக்கம் திறக்கும் மெஷின்களில் மூடியை ஒட்டி ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். துணி பிழியும்போது டிரம் தலைதெறிக்கச் சுற்றும். அந்த நேரத்தில் யாராவது மூடியைத் திறந்தால் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தி, டிரம்முக்கு பிரேக் விழ வைக்கும். ஈரம் பட்டுப் பட்டு இந்த சுவிட்ச் கெட்டுப்போவது சகஜம். கெட்டுவிட்டால், மூடி மூடியே இருந்தாலும் திறந்திருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். சொட்டச் சொட்ட நனைந்த துணியை வைத்துக்கொண்டு பிழிய மாட்டேன் என்று மக்கர் பண்ணும். புது சுவிட்ச் உடனே கிடைக்காது. மாமா பழையதைக் கழற்றிவிட்டு, அதற்குப் போகும் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுவார். தொழிலில் இதற்கு 'டைரக்ட் பண்றது' என்று பெயர். அதன்பிறகு மூடி எப்போதும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்பும், திறந்தாலும் நிற்காது. "ஸ்பேர் வந்ததும் மாத்திடலாம்" என்பார். ஓடுகிற மெஷினுக்கு ஸ்பேர் எங்கே என்று யார் கேட்கப் போகிறார்கள்? அவரும் மறந்துவிடுவார்.

மாமாவின் மனைவி, என் அத்தை, தையல்காரி. அவள் கத்தரிக்கோல் துணியில் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சுத்தம்.

ஒரு நாள் காலை சட்டைக்கு அளவு கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் மெஷின் தடதடவென்று குதித்தது. உள்ளே போர்வை ஒரு பக்கமாய்ச் சேர்ந்துவிட்டால் அப்படித்தான் குதிக்கும்.

"இரு, அதைக் கொஞ்சம் சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே அத்தை போனாள்.

அடுத்து நான் கேட்டது அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், சுற்றுகிற போர்வை அவள் வலது கையைச் சுருட்டி முழங்கைவரை உள்ளே இழுத்திருந்தது. மூடி திறந்தே கிடந்தது. எப்படியோ பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் அந்தப் பாழாய்ப்போன டிரம் உடனே நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மாமா பேயறைந்த மாதிரி வந்து நின்றார். கட்டுப்போட்ட கையோடு அத்தை அவரையே பார்த்தாள்.

"மூடியத் திறந்தா அதுவே நின்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். சொந்த வீட்டு மெஷினையும் டைரக்ட் பண்ணிவிட்டு, பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனுஷன். கத்தரிக்கோல் பிடிக்கும் விரல்கள் இனி மடங்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

வராந்தாவுக்கு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் எத்தன வீட்ல இப்படிப் பண்ணி வச்சிருக்கேனோ தெரியலையே. என்கூட வா."

அத்தைக்குத் துணையாக அம்மாவை வரவழைத்துவிட்டுக் கிளம்பினோம். முதல் வீட்டில் ஒரு டீச்சர் அக்கா. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே! நீங்க கை வச்சதுல இருந்து சும்மா பறக்குது. நடுவுல தொறந்து துணி போட்டாக்கூட நிக்கறதில்ல, அவ்வளவு வசதி. இதோ பாருங்க!"

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து, ஒரு டவலோடு கையை உள்ளே கொண்டுபோனாள்.

மாமா வீடே அதிரக் கூச்சல் போட்டார். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தக் கையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். விடவே இல்லை. அவள் வெலவெலத்துப்போய்க் கத்தினாள். உள்ளிருந்து ஓடிவந்த அவள் கணவர், என்ன ஏது என்று கேட்காமல் மாமாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

மறுபடியும் கை ஓங்கியவரைப் பார்த்து மாமா கெஞ்சினார்.

"அடிங்க சார், நல்லா அடிங்க. முதல்ல அந்தப் பிளக்கப் பிடுங்கிட்டு வந்து அடிங்க."