பாலவாக்கத்தில் அருந்ததியும் பின்னால் வந்த காரும்

மே மாதம் என் தம்பி மகள் நித்யாவின் கல்யாணம் தி. நகரில் நடந்தது. பத்திரிகையில் என் பெயர் இல்லை. மயிலாப்பூர் பூர்வீக வீட்டை இடிக்க நான் கையெழுத்துப் போட மறுத்ததிலிருந்து, ஒன்பது வருடமாகத் தம்பி என்னிடம் பேசுவதில்லை. நானும்தான். நித்யா கூப்பிட்டதற்காகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகலில் வாத்தியார் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். "பேஷா தெரியறது" என்றார் மாப்பிள்ளை, கூசாமல்.

சாப்பாட்டுப் பந்தியில் நித்யா என்னைத் தேடி வந்தாள். "பெரியப்பா, நாளன்னிக்கு ஃப்ளைட். நிஜ அருந்ததியைக் காட்டுங்கோ." அந்தக் குடும்பத்தில் எனக்கு மிச்சம் அவள் ஒருத்திதான்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவளையும் மாப்பிள்ளையையும் தி. நகரில் ஏற்றிக்கொண்டு, அடையாறு வழியாகப் பாலவாக்கம் கடற்கரைக்குப் புறப்பட்டேன். பதினான்கு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அடையாறு பாலத்தில்தான் பின்னால் வந்த வெள்ளைக் காரைக் கவனித்தேன். நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. திருவான்மியூரில் வேண்டுமென்றே ஒரு சந்துக்குள் புகுந்து வெளியே வந்தேன். அதே இடைவெளியில் அதுவும் வந்தது. பின்சீட்டில் இருந்தவர்களிடம் சொல்லவில்லை.

ஏழரைக்கு வடக்கே சப்தரிஷி மண்டலம் துலங்கியது. பைனாகுலரில், வசிஷ்டரை ஒட்டி மங்கலாக அருந்ததி.

"ஏழுல நடுவுல இருக்கற அஞ்சும் அருந்ததியும் ஒரே கூட்டத்துல ஒண்ணாப் பொறந்ததுகள். சூரியனைவிட ரொம்பச் சின்ன வயசு. முனையில இருக்கற ரெண்டும் அன்னியம்" என்றேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சா?" என்றாள் நித்யா.

"ஒரே திசை, ஒரே வேகம். எவ்வளவு தள்ளி இருந்தாலும் அது மாறாது."

"மிச்சக் கூட்டம்?"

"நம்மளைச் சுத்தி எல்லாப் பக்கமும் சிதறிக் கெடக்கு. முதுகுக்குப் பின்னாலயும். அதுக நடுவுலதான் நாம இப்போ இருக்கோம். ஆனா நமக்கும் அதுகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

மாப்பிள்ளை கையைத் தேய்த்துக்கொண்டார். "யாரோ பாக்கற மாதிரி இருக்கு, மாமா."

அப்போது சைக்கிளில் டீ விற்பவர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா சார், அந்த வெள்ள வண்டி உங்களோடதா? லைட்ட அமுத்திட்டு ரொம்ப நேரமா நின்னுக்கினு கீது. உள்ள ஒரு ஆளு. டீ வேணுமான்னு கேட்டா கண்ணாடியகூட எறக்கல. மூஞ்சி அசப்புல உங்கள மாதிரியே கீது, அதான் கேட்டேன்."

நித்யா திரும்பிப் பார்த்தாள். "அப்பா வண்டி." பிறகு, தாழ்ந்த குரலில், "நீங்க கூப்பிட்டா எறங்குவார், பெரியப்பா. நான் போறதுக்குள்ள ஒரு தடவை."

நான் கூப்பிடவில்லை. சிறிது நேரத்தில் அந்தக் கார் விளக்கைப் போடாமலேயே பின்னோக்கி நகர்ந்து இருட்டுக்குள் போயிற்று. நித்யா அதற்கப்புறம் வானத்தைப் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மே மாதம், நிலா இல்லாத நாள் உத்தமம். நகர வெளிச்சத்தில் அருந்ததி எளிதில் பிடிபடாது, பைனாகுலர் அவசியம். டீ பதினைந்து ரூபாய். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள்.

அவர்களைத் தி. நகரில் இறக்கிவிட்டு மயிலாப்பூர் வரை முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டினேன், கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து. பின்னால் யாரும் வரவில்லை.